அசையாமல் நிற்பதற்குப் பின்னால் ஒரு மேஜர் ஜெனரல்

2023 ஜூன் 10, லண்டன். வெயில் 30 டிகிரி செல்சியஸைத் தொட்டிருந்தது. ஹார்ஸ் கார்ட்ஸ் மைதானத்தில் இளவரசர் வில்லியம் அணிவகுப்பைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தார். கம்பளிச் சீருடையும் கரடித்தோல் தொப்பியுமாக நின்றிருந்த வீரர்களில் மூன்று பேராவது மயங்கி விழுந்தார்கள். டிராம்போன் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் விழுந்து, எழுந்து, மறுபடியும் வாசிக்கப் பார்த்தார். உலகம் முழுக்க அந்தப் படம் ஓடியது. முதுகில் மூட்டையோடு பல மைல் நடக்கும் பட்டாளத்து இளைஞர் சும்மா நின்றதற்கா மயங்கினார் என்று பலர் கேட்டார்கள். சும்மா நின்றதால்தான் மயங்கினார். நடந்திருந்தால் மயங்கியிருக்க மாட்டார்.

இந்தக் கேள்வியை ஒவ்வோர் ஆண்டும் அலுவல் முறையாகக் கையாள வேண்டிய ஓர் அதிகாரி இருக்கிறார். பிரிட்டிஷ் மன்னரின் மெய்க்காவல் படைகளான ஹவுஸ்ஹோல்ட் டிவிஷனுக்குத் தலைமை தாங்கும் மேஜர் ஜெனரல். லைஃப் கார்ட்ஸ், புளூஸ் அண்ட் ராயல்ஸ் என இரண்டு குதிரைப்படை ரெஜிமென்டுகளும், கிரெனடியர், கோல்ட்ஸ்ட்ரீம், ஸ்காட்ஸ், ஐரிஷ், வெல்ஷ் என ஐந்து காலாட்படை ரெஜிமென்டுகளும் அவர் பொறுப்பில் வருகின்றன. அவரே லண்டன் மாவட்ட ராணுவத் தளபதியும்கூட. ஆக, தலைநகரில் நடக்கும் முடிசூட்டு விழா, அரச மரணம், அயல்நாட்டுத் தலைவர் வருகை எதுவானாலும் சிப்பாய் எங்கே நிற்க வேண்டும், எத்தனை மணிக்குக் காலெடுத்து வைக்க வேண்டும் என்ற கணக்கு அவர் மேசைக்குத்தான் போகும். அந்த மேசையும் சாதாரணமானதல்ல. வைட்ஹால் தெருவில் 1750களில் கட்டப்பட்ட ஹார்ஸ் கார்ட்ஸ் கட்டடத்தில், வாட்டர்லூவில் நெப்போலியனை வென்ற வெல்லிங்டன் பிரபு பயன்படுத்திய அறை அது.

இந்த வேலையைப் பகட்டு என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு இது மனித உடலையும் ஒலியையும் நேரத்தையும் ஒரே இடத்தில் கட்டி மேய்க்கும் அபூர்வமான வேலையாகப் படுகிறது.

முதலில் உடல். நம் உடலில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. படுத்திருந்தவர் எழுந்து நின்றதுமே அதில் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை மார்பிலிருந்து வயிற்றுக்கும் காலுக்கும் இறங்கிவிடும். ஈர்ப்பு விசையை மீறி அதை மேலே அனுப்பும் வேலையை இதயம் தனியாகச் செய்துவிட முடியாது. அங்கேதான் கெண்டைக்கால் உதவிக்கு வருகிறது. கெண்டைக்கால் தசை சுருங்கும்போது அதற்குள் ஓடும் சிரைகளைப் பிழிகிறது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கின்றன. ஊர்க்கிணற்று அடிபம்பில் கைப்பிடியை அடிக்க அடிக்கத் தண்ணீர் ஏறுவது போல, ஒவ்வொரு அடிக்கும் ஒரு பங்கு ரத்தம் இதயத்துக்கு ஏறுகிறது. நடப்பவருக்கு இது தானாக நடக்கும். அட்டென்ஷனில் நிற்பவருக்குப் பம்ப் நின்றுபோகிறது.

நின்றாலும் உடல் உடனே கைவிடுவதில்லை. கழுத்துத் தமனியிலும் இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியிலும் ரத்த அழுத்தத்தை அளக்கும் உணர்விகள் இருக்கின்றன. அழுத்தம் குறைந்தால் அவை மூளைக்குச் சொல்ல, இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. வெயில் இல்லாத நாளில் இந்த ஏற்பாடு நெடுநேரம் தாங்கும். வெயில் ஏறும்போது உடலுக்கு இன்னொரு அவசரம் வந்துவிடுகிறது. சூட்டைத் தணிக்கத் தோலில் இருக்கும் ரத்தக் குழாய்கள் விரிய வேண்டும். அழுத்தத்தைக் காக்க இறுக வேண்டிய குழாய், சூட்டைத் தணிக்க விரிகிறது. கூடவே வியர்வையில் நீர் போகப் போக ரத்தத்தின் அளவும் குறைகிறது. ஒரு கட்டத்தில் நரம்பு மண்டலம் தலைகீழாக வேலை செய்யத் தொடங்கும். வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைத் திடீரென்று குறைக்கிறது, குழாய்கள் தளர்கின்றன, அழுத்தம் சரிகிறது. மூளைக்கு ரத்தம் போவது சில விநாடிகள் தடைபட்டாலே போதும், நினைவு தப்பிவிடும்.

கீழே விழுந்ததும் தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வருகின்றன. மூளைக்கு ரத்தம் திரும்புகிறது, நினைவும் திரும்புகிறது. விழுவதே வைத்தியமாகிவிடுகிறது. அந்த டிராம்போன்காரர் உடனே எழுந்ததற்குக் காரணம் இதுதான். ஆனால் எழுந்ததும் அதே சிக்கல் மறுபடி தொடங்கும். காற்றுக் கருவி ஊதுபவருக்குக் கூடுதல் சுமையும் உண்டு. அழுத்தி ஊதும்போது நெஞ்சுக்கூட்டின் உள்ளே அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தை அது மேலும் தடுக்கிறது.

முட்டியை விறைப்பாகப் பூட்டியதால் மயக்கம் வந்தது என்று பலரும் சொல்வார்கள். முட்டியைவிட முக்கியம், அசையாத தசை. அதனால்தான் காவல் வீரர்களுக்குச் சொல்லித்தரப்படும் தந்திரம் பூட்ஸுக்குள் நடக்கிறது. கால்விரல்களை மடக்கி விரிப்பது, எடையைக் குதிகாலிலிருந்து முன்பாதத்துக்கு மெல்ல மாற்றுவது, கெண்டைக்கால் தசையை இறுக்கித் தளர்த்துவது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது. காலை உணவைத் தவிர்க்கக் கூடாது, முந்தைய நாளிலிருந்தே நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும். பக்கிங்ஹாம் அரண்மனை வாசலில் இரண்டு மணி நேரம் காவல் நிற்பவர் அவ்வப்போது சில அடிகள் நடந்து திரும்புவதைச் சுற்றுலாப் பயணிகள் வேடிக்கை என்று நினைத்துப் படம் எடுக்கிறார்கள். அந்த நடைதான் அவரை நிற்க வைக்கிறது.

அடுத்தது ஒலி. எனக்கு இந்தப் பகுதிதான் அதிகம் பிடிக்கும்.

ஜூன் மாதம் நடக்கும் ட்ரூப்பிங் த கலர் என்ற படைக்கொடி அணிவகுப்பில் 1,400க்கும் மேற்பட்ட வீரர்களும் 200 குதிரைகளும் 400 இசைக்கலைஞர்களும் பங்கேற்கிறார்கள். குதிரைமேல் இருக்கும் கள அதிகாரி ஒருவர் மொத்தம் 113 கட்டளைகளைத் தன் குரலாலேயே தருகிறார். காற்றில் ஒலியின் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். 100 மீட்டர் தள்ளி நிற்பவருக்கு அந்தக் குரல் போய்ச்சேர 0.29 விநாடி ஆகும். கண் இமைக்கும் நேரம்தானே என்று விட்டுவிட முடியாது. காவல் படையின் வேக நடை நிமிடத்துக்கு 116 காலடி. அதாவது ஓர் அடிக்கு 0.52 விநாடி. 100 மீட்டர் தள்ளி இருப்பவர் காதில் விழுந்ததும் கால் வைத்தால், முன்னால் இருப்பவரைவிட அரை அடிக்கும் மேல் பின்தங்கிவிடுவார். முரசின் ஓசையைப் பின்பற்றி ஒரு நீண்ட வரிசை நடந்தால், முரசிலிருந்து 177 மீட்டர் பின்னால் வருபவர் சரியாக ஓர் அடி தாமதத்தில் இருப்பார். முன்னால் எல்லோரும் இடது காலை வைக்கும்போது அவர் வலது காலை வைப்பார். அவர் தவறே செய்யவில்லை, கேட்டபடிதான் நடக்கிறார். பிழை காற்றுடையது.

இதைச் சரிசெய்யக் கட்டளை இரண்டாகப் பிரிக்கப்படுகிறது. இழுத்துச் சொல்லும் முதல் பகுதி எச்சரிக்கை. எல்லோருக்கும் அது போய்ச்சேர்ந்து, என்ன வரப்போகிறது என்று புரிந்துகொள்ள நேரம் கொடுக்கும். வெட்டென்று முடியும் இரண்டாம் பகுதி செயல். உயிரெழுத்தை நீட்டினால் குரல் தூரம் போகும், கடைசி ஒலி கூர்மையாக இருந்தால் தொடங்கும் கணம் தெளிவாகும். அதற்குப் பிறகு வீரர்கள் காதை நம்புவதில்லை. துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்குவதில் ஒவ்வோர் அசைவுக்கும் நடுவே சமமான இடைவெளி உண்டு. அதை எல்லோரும் மனதுக்குள் எண்ணிக்கொள்கிறார்கள். தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் பக்கத்து ஆளைப் பிடித்துக்கொள்கிறார்கள். மாதக்கணக்கில் செய்யும் பயிற்சி உடம்புக்குள் ஒரு கடிகாரத்தைப் பதிக்கிறது. அணிவகுப்பு நாளில் ஒலி அந்தக் கடிகாரத்தைத் தொடக்கி மட்டும் வைக்கிறது.

நடை பிசகுகிறதா என்று பார்க்க, லண்டன் மாவட்டத்தின் கேரிசன் சார்ஜன்ட் மேஜர் இருக்கிறார். கையில் பேஸ் ஸ்டிக் என்ற மரக்கவராயம். 30 அங்குலத்துக்கு விரித்து வைத்தால் அதுதான் ஒரு காலடியின் நீளம். மேஜர் ஜெனரலுக்குக் கண்ணாக இருப்பவர் அவர்.

மேஜர் ஜெனரலின் சொந்தத் தேர்வு, மன்னர் வரும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னால் நடக்கிறது. மேஜர் ஜெனரல்ஸ் ரிவியூ என்றே அதற்குப் பெயர். முழுச் சீருடை, முழு இசை, முழு நீளம். அடுத்த வாரம் ரெஜிமென்டின் கர்னல் பார்வையிடுவார். வில்லியம் பார்வையிட்ட அந்த வெயில் நாள் இதுதான். மூன்றாவது வாரம்தான் மன்னர் வருகிறார். அன்றைக்கு மேஜர் ஜெனரல் அரச ஊர்வலத்தில் குதிரையில் வருவார், கட்டளை எதுவும் கொடுக்க மாட்டார். கொடுக்க வேண்டிய நிலை வந்தால் ஏற்பாட்டில் எங்கோ ஓட்டை என்று பொருள். வரிசையின் இடைவெளி, திரும்பும் கோணம், இசைக்குழுவின் வேகம் எல்லாம் அந்த இரண்டு வாரத்தில் திருத்தப்பட்டிருக்க வேண்டும். விசித்திரமாக, அணிவகுப்பிலேயே சிக்கலான அசைவு எழுத்தில் கிடையாது. 400 இசைக்கலைஞர்கள் வாசித்தபடியே மொத்தமாகச் சுழன்று திரும்பும் ஸ்பின் வீல், மூத்தவர் இளையவருக்குக் களத்தில் காட்டிக்கொடுத்தே தலைமுறை தலைமுறையாக வருகிறது.

நேரக் கணக்கின் உச்சத்தை 2022 செப்டம்பரில் உலகம் பார்த்தது. எலிசபெத் அரசியின் உடல் செப்டம்பர் 14 அன்று பக்கிங்ஹாம் அரண்மனையிலிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்துக்குப் புறப்பட்ட நேரம் மதியம் 2:22. போய்ச்சேர வேண்டியது 3 மணிக்கு. இந்த 22 எங்கிருந்து வருகிறது? ஊர்வல நடை நிமிடத்துக்கு 75 காலடி. 38 நிமிடத்தில் 2,850 காலடி. வழியின் நீளம் ஏறக்குறைய 2 கிலோமீட்டர். சேரும் நேரத்தை முதலில் வைத்துக்கொண்டு, நடையின் வேகத்தையும் தூரத்தையும் கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டால் இப்படி ஒரு நேரம் கிடைக்கிறது. தாள் கணக்கு போதாது என்பதால், தெருக்கள் காலியாக இருக்கும் விடியலுக்கு முன்பு, வெற்றுப் பெட்டியோடு முழு ஊர்வலத்தையும் நடத்திப் பார்த்தார்கள்.

ஐந்து நாள் கழித்து நடந்த இறுதிச் சடங்கில், ஏறக்குறைய இரண்டரை டன் எடையுள்ள பீரங்கி வண்டியைக் கடற்படையினர் 142 பேர் இழுத்தார்கள். ஏன் குதிரை இல்லை? 1901இல் விக்டோரியா அரசியின் இறுதி ஊர்வலத்தில், விண்ட்சரில் குளிரில் காத்திருந்த குதிரைகள் மிரண்டு இழுவைக் கட்டு அறுந்துபோனது. அங்கே நின்றிருந்த கடற்படையினர் வண்டியை இழுத்துப் போனார்கள். அன்றைய அவசரத் தீர்வு அதன்பின் மரபாகிவிட்டது.

குதிரைதான் இந்த ஏற்பாட்டில் கணிக்க முடியாத உறுப்பு. அது இரையாக வாழ்ந்த விலங்கு. திடீர்ச் சத்தம் கேட்டால் யோசிக்கும் முன்பே ஓடிவிடும், ஒன்று ஓடினால் மற்றவையும் ஓடும். 2024 ஏப்ரல் 24 காலை லண்டன் பெல்கிரேவியாவில் கட்டட வேலையின் இடிபாடு உயரத்திலிருந்து விழுந்த சத்தத்தில் ஹவுஸ்ஹோல்ட் கேவல்ரி குதிரைகள் மிரண்டு, சில நகரத்துக்குள் ஓடிக் காயப்பட்டன. விழாக்காலத்துக்கு முன்னால் ஹைட் பூங்காவில் மேஜர் ஜெனரல் குதிரைப்படையைத் தனியாக ஆய்வு செய்வது இதனால்தான். முரசு, கொடி, கூட்டத்தின் கூச்சல் எல்லாம் பழகி, சத்தம் வந்தாலும் ஆபத்தில்லை என்று குதிரை கற்றுக்கொண்டிருக்கிறதா என்று அங்கே தெரிந்துவிடும்.

இவ்வளவையும் செய்பவர்கள் முழுநேர நடிகர்கள் என்ற எண்ணம் பரவலாக உண்டு. அது தவறு. 1982இல் ஃபாக்லாந்து தீவின் டம்பிள்டவுன் மலையில் இரவில் போரிட்டு ஏறியது ஸ்காட்ஸ் கார்ட்ஸ். பட்டாலியன்கள் சடங்குப் பணிக்கும் போர்ப் பணிக்கும் இடையே மாறி மாறிப் போகின்றன. நேற்றுவரை களப்பயிற்சியில் சேற்றில் கிடந்தவரைக் அசையாமல் நிற்பவராகவும், அரண்மனை வாசலில் நின்றவரை மறுபடி போர் வீரராகவும் மாற்றும் கால அட்டவணையும் மேஜர் ஜெனரலின் கவலைதான். 2021இல் இளவரசர் பிலிப்பின் இறுதிச் சடங்கு, 2022இல் அரசியின் இறுதிச் சடங்கு, 2023 மே 6இல் மூன்றாம் சார்லஸின் முடிசூட்டு விழா என மூன்றும் கிறிஸ்டோபர் கிகா என்ற ஒரே மேஜர் ஜெனரலின் பொறுப்பில் வந்தன. முதலாவதில் கொரோனா கட்டுப்பாட்டால் தேவாலயத்துக்குள் 30 பேர்தான். மூன்றாவதில் ஏறக்குறைய 4,000 வீரர்கள் லண்டன் தெருக்களில் நடந்தார்கள். அளவு எவ்வளவு மாறினாலும் கணக்கு மட்டும் மாறவில்லை: ஒரு காலடி 30 அங்குலம், நிமிடத்துக்கு எத்தனை அடி, எத்தனை மணிக்குச் சேர வேண்டும்.