பெயரெழுத்துக் கவிதையில் பூங்குழலி எங்கே?

நாவலில் வரும் ஒருவரின் பெயரை மேலிருந்து கீழாக எழுதி, எழுத்துக்கு ஒரு வரி போடச் சொல்லும் பயிற்சி இப்போது தமிழ் வகுப்புகளிலும் நடக்கிறது. ஆசிரியராக எனக்கும் பிடித்த பயிற்சிதான். ஆனால் ஆங்கில ஒர்க்‌ஷீட்டை அப்படியே கொடுத்தால் பிள்ளைகள் திணறுவார்கள்.

'பொன்னியின் செல்வன்' பூங்குழலியை எடுத்துக்கொள்ளுங்கள். பூ, கு சரி. ங், ழ, லி? நன்னூல் கணக்கில் ட, ண, ர, ல, ழ, ள, ற, ன என்ற 8 வரிசையும் சொல்லுக்கு முதலில் வராது. ராஜா, லட்டு, டீ எல்லாம் வந்துவிட்டதால் சிலவற்றைச் சமாளிக்கலாம். ழகரத்துக்கு என்ன செய்வது? பிள்ளைகள் பேசாமல் குந்தவைக்கு மாறிவிடுகிறார்கள்.

ஔவையார் இதை எப்போதோ தீர்த்துவிட்டார். ஆத்திசூடியில் டகரத்துக்கு 'இடம்பட வீடு எடேல்', லகரத்துக்கு 'இலவம் பஞ்சில் துயில்', ழகரத்துக்கு 'அழகு அலாதன செயேல்'. முதலில் நிற்காத எழுத்தை இரண்டாம் இடத்தில் உட்காரவைத்தார். புள்ளி எழுத்துக்கும் இதே வழிதான்.

எழுத்தைவிடப் பெரிய தொல்லை, 'பூப்போன்றவள், குணவதி' என்று நிரப்பிவிடுவது. பெற்றோர் உதவிய தாள்களில் இது இன்னும் அதிகம்! நான் பெயரை மறைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் வாசிக்கக் கொடுப்பேன். யாரென்று சொல்ல முடியாவிட்டால் குணச்சொல்லை அடித்துவிட்டு, கதையில் அவள் செய்த ஒன்றை எழுதச் சொல்வேன். மாதிரிக்குப் பலகையில் எழுதுவது இது:

பூதம் பேய்க்கு அஞ்சாமல் சதுப்பில் நடப்பாள்
எங்கே புதைசேறு என்று இருட்டிலும் தெரியும்
கும்மிருட்டில் தனியே துடுப்புப் போடுவாள்
ஆழக்கடல் தாண்டி ஈழத்தில் இறக்குவாள்
கேலியாய், கொள்ளிவாய்ப் பிசாசே காதலன் என்பாள்

கவிதை சுமார்தான், ஆனால் கோடிக்கரைப் பெண்ணைத் தவிர வேறு யாருக்கும் பொருந்தாது. நந்தினிக்கு இது இன்னும் அவசியம். 'நயவஞ்சகி' என்று எழுதி முடித்துவிடுவார்கள். வீரபாண்டியனுக்காக ஆதித்த கரிகாலனிடம் அவள் உயிர்ப்பிச்சை கேட்டதை எழுதச் சொன்னால், அந்த அத்தியாயத்தைத் தேடிப் புரட்டியாக வேண்டும். மதிப்பெண்ணையும் அதற்கே கொடுங்கள், எதுகைக்கு வேண்டாம்.

வந்தியத்தேவனுக்கு 8 எழுத்து. இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுங்கள். யகரம் வந்ததும் பாதிப்பேர் யமனைத்தான் கூப்பிடுவார்கள். 'பயணம்' என்று தொடங்கலாமே என்று எடுத்துக்கொடுத்தால் போதும்.