ஹைபாக்சியா: மூச்சுத்திணறல் என்று எழுதலாமா?

விமான விபத்துச் செய்திகளைத் தமிழில் தரும்போது ‘ஹைபாக்சியா’ (உடலின் திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாத நிலை) என்ற சொல் வந்தால், பெரும்பாலும் ‘மூச்சுத்திணறல்’ என்று போட்டுவிடுகிறார்கள். வாசகருக்கு எளிதாகப் புரியும், ஆனால் பொருள் தவறு. உயரத்தில் ஏற்படும் ஹைபாக்சியாவில் பெரும்பாலும் திணறல் வருவதில்லை. விமானிகளை அது ஏமாற்றுவதும் அதனால்தான்.

சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். ‘ஹைப்போ’ என்றால் கிரேக்கத்தில் கீழே, குறைவாக. நடுவில் உள்ள ‘ஆக்சி’ ஆக்சிஜனைக் குறிக்கிறது. கடைசி ‘யா’ ஒரு நிலையைக் காட்டும் விகுதி. ஆக்சிஜன் என்ற பெயருக்கு வித்திட்டவர் பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே. புளிப்பு, கூர்மை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லோடு ‘பிறப்பிப்பது’ என்பதைச் சேர்த்து 1777-இல் அவர் இதை உருவாக்கினார். எல்லா அமிலங்களிலும் இந்த வளி இருக்கும் என்று அவர் நம்பினார். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஆக்சிஜன் கிடையாது என்பது பிறகு தெரிந்தது. தவறு தெரிந்தும் பெயர் மாறவில்லை. மூலத்துக்கு மூலம் தமிழாக்கினால் ‘புளிப்பாக்கிக் குறைவு’ என்றுதான் வரும், யாருக்கும் உதவாது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விமானப்படைகள் இதையே ‘அனாக்சியா’ என்று அழைத்தன. ‘அன்’ என்றால் இல்லை. ஆனால் 25,000 அடியிலும் காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடுதான், தரையில் இருக்கும் அதே பங்கு. குறைவது காற்றழுத்தம். தரையில் 760 மில்லிமீட்டர் பாதரசம், 18,000 அடியில் அதில் பாதி, 25,000 அடியில் சுமார் 282. மூச்சுக்குழாயில் நீராவி எப்போதும் 47 மில்லிமீட்டரைப் பிடித்துக்கொள்ளும். அதைக் கழித்து மீதியில் 21 விழுக்காட்டை எடுத்தால், உள்ளிழுக்கும் ஆக்சிஜனின் அழுத்தம் தரையில் சுமார் 150, 25,000 அடியில் சுமார் 49. மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் ‘இல்லை’ என்று சொல்ல முடியாது. அதனால்தான் ‘அன்’ போய் ‘ஹைப்போ’ வந்தது. தமிழிலும் இந்த வேறுபாட்டைக் காக்க வேண்டும்: அனாக்சியாவுக்கு உயிர்வளியின்மை, ஹைபாக்சியாவுக்கு உயிர்வளிக்குறை (உயிர்வளி என்பது ஆக்சிஜனுக்கான தமிழ்ச் சொல்). இரத்தத்தில் மட்டும் குறைவதைச் சொல்லும் ‘ஹைபாக்சீமியா’ இன்னொன்று, அது குருதி உயிர்வளிக்குறை.

திணறல் ஏன் வருவதில்லை? மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் சிறிது நேரத்தில் நெஞ்சு முட்டுகிறது. முட்ட வைப்பது முக்கியமாக உள்ளே தேங்கும் கார்பன் டை ஆக்சைடு, ஆக்சிஜன் குறைந்தது அல்ல. உயரத்தில் மூச்சு தாராளமாகப் போய்வருகிறது, கார்பன் டை ஆக்சைடும் தேங்காமல் வெளியேறிவிடுகிறது. எனவே உடல் அலறுவதில்லை. வருவதெல்லாம் லேசான கிறுகிறுப்பு, விரல் நுனியில் குறுகுறுப்பு, முகத்தில் சூடு, பார்வையின் ஓரங்கள் மங்குவது, நகம் நீலம் பாரிப்பது. பலருக்கு இவற்றோடு ஒரு சந்தோஷ மிதப்பும் வரும். அதுதான் மிகக் கெட்ட அறிகுறி, ஏனென்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அது சொல்லும். 1875 ஏப்ரல் 15 அன்று ‘செனித்’ பலூனில் 8,000 மீட்டருக்கு மேல் சென்ற மூன்று பிரெஞ்சுக்காரர்களிடம் ஆக்சிஜன் பைகள் இருந்தன. எடுத்து வாயில் வைக்கக் கை எழவில்லை. இருவர் இறந்தனர், தப்பிய கஸ்தோன் திசாந்தியே செவித்திறனை இழந்தார்.

இங்கே இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. ஆக்சிஜன் குறைந்த நொடியிலிருந்து, ஒருவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வேலையைச் சரியாகச் செய்ய முடிகிற நேரத்துக்கு விமான மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. அதைச் சொல்லுக்குச் சொல் ‘பயனுள்ள நினைவு நேரம்’ என்று பெயர்க்கலாம். அதைவிடச் ‘சுதாரிப்பு நேரம்’ பொருந்தும் என்பது எங்கள் கருத்து. அது முடிந்தபின்னும் நினைவு இருக்கலாம், கண் திறந்திருக்கலாம், பேசவும் செய்யலாம், சுதாரிக்கத்தான் முடியாது. பயிற்சிக் கையேடுகளின் கணக்குப்படி 18,000 அடியில் இது 20 முதல் 30 நிமிடம், 25,000 அடியில் 3 முதல் 5 நிமிடம், 35,000 அடியில் 30 முதல் 60 நொடி, 40,000 அடியில் 15 முதல் 20 நொடி. விமானத்தின் உள்ளழுத்தம் திடீரென்று பறிபோனால் இதில் ஏறக்குறைய பாதிதான் கிடைக்கும்.

தரையில் மூச்சடக்கி ஒரு நிமிடம் தாக்குப்பிடிப்பவருக்கு 40,000 அடியில் 20 நொடிகூட இல்லை என்பது முரணாகத் தோன்றும். தரையில் மூச்சடக்கும்போது நுரையீரலில் இருக்கும் ஆக்சிஜன் சேமிப்பாகக் கைகொடுக்கிறது. 40,000 அடியிலோ நுரையீரலுக்குள் இருக்கும் ஆக்சிஜனின் அழுத்தம், உடலைச் சுற்றித் திரும்பி வரும் இரத்தத்தில் இருப்பதைவிடக் குறைந்துவிடுகிறது. ஆக்சிஜன் இரத்தத்திலிருந்து நுரையீரலுக்குள் பாய்ந்து, வெளிமூச்சோடு போய்விடும். அந்த இரத்தம் மூளைக்குப் போய்ச் சேர எடுக்கும் நேரம்தான் கையிருப்பு.

இதை வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது என்பதால்தான் உயர அறைப் பயிற்சி. காற்றழுத்தத்தைக் குறைத்து, உயரத்தின் நிலையைத் தரையிலேயே உண்டாக்கும் மூடிய அறை அது. இந்தியாவில் பெங்களூரில் உள்ள விமானப்படையின் வான்வெளி மருத்துவ நிறுவனம் இதற்குப் பேர்போனது. ககன்யான் வீரர்களுக்கான மருத்துவத் தேர்வும் அங்கேதான் நடந்தது. 25,000 அடிப் பயிற்சியின் பொதுவான முறையில், முதலில் 30 நிமிடம் முகமூடி வழியாகத் தூய ஆக்சிஜன் மட்டும். உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜனை முடிந்தவரை வெளியேற்றுவதற்காக இது. செய்யாவிட்டால், சோடா பாட்டிலைத் திறந்தது போல உடலுக்குள் குமிழி கட்டி மூட்டு வலிக்கலாம், மோசமானால் நரம்பு மண்டலமும் பாதிக்கப்படலாம். அடுத்து சுமார் 5,000 அடிவரை ஏற்றி இறக்கி, காதும் சைனஸும் ஒத்துழைக்கின்றனவா என்று பார்ப்பார்கள். சளி பிடித்தவரை உள்ளே விடுவதில்லை. ஏறும்போது பிரச்சினை வராது, இறங்கும்போதுதான் செவிப்பறை உள்ளே இழுபட்டு வலி பிடுங்கும். (வயிற்றில் உள்ள காற்று 25,000 அடியில் சுமார் மூன்று மடங்கு விரியும், முந்தின நாள் மொச்சையும் கொண்டைக்கடலையும் வேண்டாம்.)

உச்சிக்குப் போனதும் முகமூடியைக் கழற்றச் சொல்வார்கள். விரலில் ஆக்சிஜன் அளவி, கையில் பென்சிலும் தாளும். 100-லிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுத வேண்டும். 93, 86, 79 என்று முதல் வரி ஒழுங்காக இருக்கும். பிறகு எழுத்து பெரிதாகி, வரி சரிந்து, ஒரே எண் இரண்டு முறை வந்து, கடைசியில் வெறும் கோடு. எழுதியவரைக் கேட்டால் நன்றாகத்தான் எழுதினேன் என்பார். அறிகுறி தெரிந்ததும் அவரே முகமூடியை மாட்டி, நூறு விழுக்காடு ஆக்சிஜனுக்குத் திருப்ப வேண்டும். மாட்டினால் 15, 20 நொடியில் தெளிந்துவிடும். சிலருக்கு முதல் சில நொடி இன்னும் மோசமாகலாம், அதற்குப் பயந்து முகமூடியைக் கழற்றக் கூடாது. தாடி இருந்தால் ஓரத்தில் காற்றுக் கசியும். அறிகுறிகள் வரும் வரிசை ஒருவருக்கு ஏறக்குறைய மாறாது. தன்னுடைய முதல் அறிகுறி எது என்று தெரிந்துகொள்வதே பயிற்சியின் பலன். அழுத்தத்தைக் குறைக்காமல், தரையிலேயே சுமார் 7 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள கலவையைச் சுவாசிக்க வைத்தும் இதே நிலையைக் காட்டலாம். குமிழிப் பயம் இல்லை, காதுக்கான பாடமும் இல்லை.

இனித் தமிழ்ச் சொல். ‘பிராணவாயு’ பழகிய சொல்தான், ஆனால் யோக, சித்த மரபில் தச வாயுக்களில் ஒன்றுக்கும் அதே பெயர். வளி, சங்க காலத்திலிருந்தே காற்றைக் குறிக்கும் சொல். சித்த மருத்துவத்தில் வாதத்துக்கும் வளி என்று பெயர். வெறும் ‘வளிக்குறை’ என்று சுருக்கினால் சித்த மருத்துவர் வாதம் குறைந்தது என்று படிக்கக்கூடும், ஆகவே ‘உயிர்’ முன்னால் நிற்க வேண்டும். இலங்கைப் பாடநூல்கள் ‘ஒட்சிசன்’ என்கின்றன, ‘ஒட்சிசன் குறை’ என்றாலும் சரியே. ‘குறைபாடு’ எங்களுக்கு உவப்பில்லை. இரும்புச்சத்துக் குறைபாடு போல மாதக்கணக்கில் வளரும் நோயை அது நினைவூட்டுகிறது. ‘பற்றாக்குறை’ வந்து சேரும் அளவை மட்டும் சொல்கிறது. சயனைடு நஞ்சில் ஆக்சிஜன் திசுவரை வந்து சேர்ந்தும் உயிரணுவால் பயன்படுத்த முடிவதில்லை, அதுவும் ஹைபாக்சியாதான். ‘குறை’ இரண்டையும் ஓரளவு தாங்கும்.

2005 ஆகஸ்ட் 14 அன்று சைப்ரஸிலிருந்து ஏதென்ஸுக்குக் கிளம்பிய ஹீலியோஸ் 522 விமானத்தில், உள்ளழுத்தக் கட்டுப்பாடு கையால் இயக்கும் நிலையிலேயே விடப்பட்டிருந்தது. எச்சரிக்கை ஒலியை விமானிகள் வேறொரு ஒலி என்று எடுத்துக்கொண்டு, தரையிலிருந்த பொறியாளரோடு பேசியபடியே உயர்ந்தார்கள். எரிபொருள் தீரும்வரை விமானம் தானாகப் பறந்து மலையில் மோதியது. 121 பேரும் இறந்தனர். மோதும் நேரத்தில் அவர்களுக்கு உயிர் இருந்தது என்பது உடற்கூறாய்வின் முடிவு. ‘மூச்சுத்திணறி இறந்தனர்’ என்று எழுதினால் இங்கே இரண்டு பிழை. ‘பெரும்பாலோர் உயிர்வளிக்குறையால் நினைவிழந்தனர், விமானம் மோதி அனைவரும் இறந்தனர்’ என்பதே நடந்தது.