ஐகான் வரவில்லை என்று பப்பைக் கடையாக மாற்றாதீர்கள்

மறுபடியும் அதே பஞ்சாயத்து. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஒரு பியர் கடை. சுவர் முழுக்கப் பாட்டில்கள், கவுண்டரில் இரண்டு குழாய்கள், ஜன்னலோரம் நாலைந்து ஸ்டூல்கள். யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒருவர் அதைப் பப் என்று போட்டார். அடுத்தவர் மதுக்கடை என்று மாற்றினார். மூன்றாமவர் அதே கடைக்கு இரண்டு புள்ளிகள் வைத்துவிட்டுப் போய்விட்டார். கேட்டால், "பப்னு போட்டா மதுக்கடையோட பாட்டில் ஐகான் தெரியலையே!"

வரைபடத் தரவைச் சரிபார்ப்பது என் தொழில். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது தரவு. அதன் தளத்தில் தெரியும் படம், அந்தத் தரவை வரையும் ஒரு விதம், அவ்வளவுதான். அதே தரவை எடுத்து வழிகாட்டிச் செயலிகள் வேறு மாதிரி வரைகின்றன. சிலர் வரையாமல் தேடலுக்கு மட்டும் பயன்படுத்துகிறார்கள். ஒரு படத்தில் பாட்டில் தெரிய வேண்டும் என்று நீங்கள் பப்பை அழித்தால், மாலையில் உட்கார்ந்து குடிக்க இடம் தேடுபவருக்கு அந்தக் கடை கிடைக்கவே கிடைக்காது. தரையில் இருப்பதைப் பதியுங்கள். ஐகான் வரைபவர்கள் பாடு.

இத்தனைக்கும் 'அமெனிட்டி' (வசதி), 'ஷாப்' (கடை) இரண்டும், ஓர் இடம் என்ன வகை என்று சொல்லும் தனித்தனிக் குறிச்சொற்கள். ஒரே புள்ளியில் 'அமெனிட்டி=பப்', 'ஷாப்=ஆல்கஹால்' இரண்டும் தாராளமாக இருக்கலாம். கிளாஸில் ஊற்றி வாங்கி அங்கேயே குடிக்க முடிகிறதா? பப். வீட்டுக்கு வாங்கிப் போகவும் ஆட்கள் வருகிறார்களா? கடையையும் சேருங்கள். குளிர்பெட்டியிலிருந்து ஒரு பாட்டில் விற்றதற்காக எந்தப் பப்பும் கடையாகிவிடாது.

இடம் சின்னது என்பதும் காரணமில்லை. 2005-இல் ஹெர்ன் கிராமத்தில், பழைய இறைச்சிக் கடையில் மார்ட்டின் ஹில்லியர் தொடங்கிய 'புட்சர்ஸ் ஆர்ம்ஸ்'தான் முதல் மைக்ரோபப், அதாவது மிகச் சிறிய பப், எனப்படுகிறது. சின்னஞ்சிறு அறைதான், ஆனாலும் முழுப் பப்.

பப்பா, கடையா என்று சந்தேகமா? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2003 உரிமச் சட்டப்படி, அங்கேயே குடிக்க, எடுத்துப் போக, அல்லது இரண்டுக்கும் என்று உரிமத்திலேயே இருக்கும். ஆனால் காகிதத்தில் அனுமதி இருந்தும் ஒரு நாற்காலிகூடப் போடாத கடைகள் உண்டு. அதனால் நேரில் பாருங்கள். கூகுள் மேப்பைப் பார்த்துக் காப்பியடிக்கவே கூடாது.

இன்னொன்று. மைக்ரோபப் என்றதும் 'மைக்ரோப்ரூவரி=யெஸ்' போடுகிறீர்களே, ஏன்? அது அந்த இடத்திலேயே பியர் காய்ச்சுபவர்களுக்கு.

கடைக்கும் குடிக்கும் பகுதிக்கும் நேரம் வேறென்றால் விளக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள். உள்ளூர்க்காரர் பதிந்ததை எங்கோ உட்கார்ந்து மாற்றுவதற்கு முன், தயவுசெய்து அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.