கொட்டாங்கச்சிக் கரியும் சிங்கப்பூர் ஈரமும்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் தேங்காய் வாங்கப் போனால் என் கண் கொட்டாங்கச்சியின் மேல்தான் விழும். தொழில் அப்படி. மின்சாரத்தைச் சட்டெனச் சேமித்துச் சட்டென வெளிவிடும் சூப்பர் கெப்பாசிட்டர்களின் மின்முனைக் கரியில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. கொட்டாங்கச்சியைக் கரியாக்கி, 800, 900 டிகிரி வெப்பத்தில் நீராவியால் துளைத்தால், ஒரு கிராமுக்குள் 1,500 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு கிடைக்கும். ஐந்து கிராமில் ஒரு கால்பந்துத் திடலே அடங்கிவிடும். அந்தப் பரப்பில் அயனிகள், அதாவது மின்னூட்டம் பெற்ற துகள்கள், ஒட்டிக்கொள்கின்றன, விலகுகின்றன, அவ்வளவுதான் வேலை. பேட்டரியைப் போல வேதிவினை எதுவும் நடப்பதில்லை என்பதால் சில நொடிகளில் மின்னேற்றலாம். பல லட்சம் முறை ஏற்றி இறக்கினாலும் தாங்கும்.

பயிற்சிக்கு வரும் மாணவர்கள் பரப்பளவு எண்ணையே துரத்துகிறார்கள். அயனி நுழைய முடியாத துளையின் பரப்பு நமக்கு எதற்கு? ஒரு நானோமீட்டருக்கும் குறைவான துளைகளில் மின்தேக்கத் திறன் எதிர்பாராமல் கூடுவதை 2006இல் யூரி கோகோட்சி, பாட்ரிஸ் சிமோன் ஆகிய ஆய்வாளர்களின் குழு காட்டியது. தன்னைச் சுற்றி ஒட்டியிருக்கும் கரைப்பான் மூலக்கூறுகளின் போர்வையைக் களைந்துவிட்டு அயனி உள்ளே நெருக்கியடித்துக்கொள்கிறது என்பது விளக்கம். ஆனால் அந்தச் சிறு துளைகளுக்குப் போய்ச்சேர அகலமான துளைகளும் வேண்டும். வீடுகளை மட்டும் கட்டிவிட்டு நடைபாதையை மறந்த வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் யார் குடியிருப்பது?

அடுத்தது ஈரம். ஒரு மாணவர் வெற்றிட அடுப்பில் இரவு முழுதும் 120 டிகிரியில் உலர்த்திய மின்முனைகளை வெளியே எடுத்து, சாவகாசமாகத் தராசில் வைத்தார். எங்கள் கண்ணெதிரிலேயே எடை ஏறிக்கொண்டிருந்தது. நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் விடிகாலையில் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். கரி அதைப் பஞ்சுபோல் உறிஞ்சும். அவற்றை வைத்துச் செய்த செல்கள் இரண்டே வாரத்தில் உப்பிவிட்டன. கரிம மின்பகுளியில் (அயனிகள் கரைந்திருக்கும் திரவத்தில்) 2.7 வோல்ட் ஏற்றும்போது, உள்ளே ஒளிந்திருந்த நீர் சிதைந்து வாயுவாகிறது. இப்போது உலர்த்தும் அடுப்பை, ஈரமில்லாத வாயு நிரப்பி மூடிய, கையுறை வழியே வேலை செய்யும் கையுறைப் பெட்டியோடு சேர்த்தே வைத்திருக்கிறோம். மின்முனை வெளிக்காற்றைப் பார்ப்பதே இல்லை.

ஆய்வுக் கட்டுரைகளின் எண்களையும் சற்று உரித்துப் பார்க்க வேண்டும். கரியின் மின்தேக்கத் திறன் கிராமுக்கு 120 ஃபாரட் (அத்திறனின் அலகு) என்று வைத்துக்கொள்வோம். செல்லில் இரண்டு மின்முனைகள் தொடரிணைப்பில் இருப்பதால் திறன் பாதியாகிறது, எடை இரட்டிக்கிறது. ஆகவே கிராமுக்கு 30. அலுமினியத் தகடு, மின்பகுளி, உறை எல்லாம் சேர்ந்தபின்? சந்தையில் கிடைக்கும் 3,000 ஃபாரட் செல் ஏறத்தாழ அரைக் கிலோ, கிராமுக்கு ஆறுதான். அதில் தேங்கும் ஆற்றல் சுமார் 3 வாட்-மணி. கையிலுள்ள திறன்பேசியின் பேட்டரியே இதைப்போல ஐந்து மடங்கு வைத்திருக்கும்! பேட்டரிக்கு மாற்று என்று யாராவது விற்க வந்தால் இந்தக் கணக்கைக் கேளுங்கள். ஆற்றல் குறைவுதானே என்று அலட்சியமும் வேண்டாம்: ஏற்றிய செல்லின் முனைகளை ஒரு ஸ்பேனர் தொட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். மோதிரத்தைக் கழற்றிவிட்டுத்தான் நான் கை வைப்பேன்.

வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும். துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு கிடங்கின் கூரைமேல் 48 வோல்ட் தொகுப்பு வைக்க நண்பர் ஒருவர் கேட்டார். மதியம் இரண்டு மணிக்கு அந்தச் சாம்பல் நிறப் பெட்டிக்குள் 58 டிகிரி. பெட்டிக்கு வெள்ளையடிக்கச் சொன்னேன். ஒவ்வொரு செல்லையும் 2.7க்குப் பதில் 2.5 வோல்ட்டோடு நிறுத்தினேன். மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது ஆற்றல் என்பதால் செல்லுக்கு 14 விழுக்காடு இழப்பு. ஆயுளோ பல மடங்கு. 18 செல் போதும் என்றிருந்த இடத்தில் 20 தேவைப்பட்டது. அந்த இரண்டு செல்லின் விலையை நண்பர் இன்னும் என் பெயரில்தான் எழுதி வைத்திருக்கிறார்.