குற்ற நிகழிடப் படம்: 'கிரைம் மேப்பிங்' என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல்

ஓர் ஊரில் எந்தக் குற்றம், எந்த இடத்தில், எந்த நேரத்தில் நடந்தது என்று நிலப்படத்தில் குறித்து, அவை எங்கே குவிகின்றன, ஏன் அங்கே குவிகின்றன என்று ஆராய்வதுதான் கிரைம் மேப்பிங். ஒருகாலத்தில் சுவரில் மாட்டிய படத்தில் குண்டூசி குத்தினார்கள். இப்போது ஜிஐஎஸ் எனப்படும் புவித்தகவல் முறைமையில் செய்கிறார்கள்.

1829இல் பால்பி, கெரி என்ற இருவர் பிரான்ஸ் நாட்டுக் குற்றங்களை மாவட்டவாரியாகப் படமாக்கினார்கள். தெரு, கதவிலக்கம் என்று நுணுக்கமாகப் பார்ப்பது பிற்பாடு வந்தது. 1989இல் வெளியான ஆய்வு ஒன்று, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் போலீசுக்கு வந்த அழைப்புகளில் பாதி, ஊரின் சுமார் 3 விழுக்காடு முகவரிகளிலிருந்தே வந்தவை என்று காட்டியது. இப்படிக் குவியும் இடங்களைத்தான் 'ஹாட்ஸ்பாட்' என்கிறார்கள்.

'மேப்' என்பதற்கு மூலமான லத்தீன் 'மாப்பா' துணியைக் குறிக்கும். நம் 'படம்' என்ற சொல்லுக்கும் சீலை என்ற பொருள் உண்டு. 'வரைபடம்' என்று எழுதினாலும் தவறில்லை. ஆனால் பள்ளிக் கணக்கில் கிராஃபுக்கும் அதே பெயர். பட்டா வேலையாகத் தாலுகா ஆபீஸ் போன டெல்டாக்காரர்களுக்குப் 'புலப்படம்' பழகிய சொல்தானே, அந்த வழியில் 'படம்' என்பதே போதும்.

'குற்றப் பகுதி வரைபடம்' என்று மட்டும் எழுத வேண்டாம். நம் ஊர்களில் பல தெருக்களின் பெயரே சாதியைச் சொல்லிவிடும். 1871இல் வந்து, 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டிக்கப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், பிறப்பை வைத்தே முழுச் சமூகங்களைக் குற்றவாளிகள் ஆக்கியது. அந்த வடு இன்னும் ஆறவில்லை. பஸ் ஸ்டாண்டில் பைக் திருடு போனால் புள்ளி விழ வேண்டியது பஸ் ஸ்டாண்டில். திருடியவர் குடியிருக்கும் தெருவில் அல்ல. காவல் நிலையத்தில் 'சம்பவ இடம்' என்று எழுதுவது இதைத்தான். எனவே 'குற்ற நிகழிடப் படம்' என்பதே சரி. 'ஹாட்ஸ்பாட்' என்பதைக் 'குவியிடம்' எனலாம்.

அப்புறம், டெல்டாவில் இப்படிப் படம் போடுகிறவர் ஆறுகளை மறக்கக் கூடாது. கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. நேர்க்கோட்டுத் தூரத்தை மட்டும் வைத்துக் கணிக்கும் மென்பொருள், எதிரெதிர்க் கரைகளை ஒரே குவியிடமாகக் காட்டிவிடும். ஆனால் திருடனும் சரி, போலீசும் சரி, பாலத்தைச் சுற்றித்தான் வர வேண்டும். இரண்டு காவல் நிலைய எல்லைகள் ஆற்றோடு பிரிந்தால் சிக்கல் வேறு மாதிரி: பாலத்தடியில் நடக்கும் வழிப்பறி இரண்டு கணக்காகப் பிரிந்து, இரு பக்கமும் சின்னதாகத் தெரியும். படத்தை ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் உண்மை அளவு புலப்படும். 'ஆற்றுப்பாலம் அருகே' என்று மட்டும் புகாரில் பதிந்தால், எந்தக் கரை என்றே தெரியாது. புள்ளி வைக்கவும் முடியாது.

கூட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். மகாமகத்தன்று குளக்கரையில் செயின் பறிப்புப் புகார் அதிகம் என்றால், அன்று அங்கே வந்த லட்சக்கணக்கானவர்களோடு ஒப்பிட்ட பிறகே அதைக் குவியிடம் என்று சொல்ல முடியும்.