சப்டக்‌ஷன்: அமிழ்தலா, செருகலா?

செட்டிநாட்டு வீடுகளில் மழைக்காலத்துக்கு முன் ஓடு மாற்றுபவர், உடைந்த நாட்டு ஓட்டை உருவி எடுத்துவிட்டு, புதிய ஓட்டின் தலையை மேல்வரிசை ஓட்டுக்கு அடியில் சாய்வாகத் தள்ளிப் பொருத்துவார். அந்தச் செயலைச் செருகுதல் என்கிறோம். நிலவியலில் 'சப்டக்‌ஷன்' எனப்படும், புவியின் மேற்புறப் பாறைத்தட்டு ஒன்று மற்றொன்றின் கீழ் நுழையும் நிகழ்வுக்கு, பலரும் எழுதும் 'அமிழ்தல்' என்பதைவிட இச்சொல்லே நெருக்கமானது என்பது என் கருத்து.

இலத்தீனில் 'சப்' என்பது கீழ் என்றும், 'டூக்கெரே' என்பது நடத்திச் செல்லுதல் என்றும் பொருள்படும். சுவிட்சர்லாந்து நிலவியலாளர் ஆந்திரே ஆம்ஸ்டூட்ஸ் ஆல்ப்ஸ் மலையின் அமைப்பை விளக்க 1951இல் இச்சொல்லைக் கையாண்டார். புவித்தட்டுக் கொள்கை நிலைபெற்ற பின்னர், 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் இது உலக வழக்காயிற்று. கீழே கொண்டுசெல்லப்படுதல் என்பதே இதன் வேர்ப்பொருள். மூழ்குதல் என்ற பொருள் அதில் இல்லை.

தமிழில் அமிழ்வது என்றால் நீரிலோ சேற்றிலோ தன் எடையால் இறங்குவதுதான் மனத்தில் எழும். சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் நடப்பதோ வேறு. அங்கே கடல்தட்டு, கடலடியின் நீண்ட ஆழ்பள்ளமான அகழியின் அருகே மிகக் குறைந்த சாய்வில் அடுத்த தட்டின் கீழ் நுழைந்து, உள்ளே போகப்போகவே செங்குத்தாகிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பெயர்ந்து ஆழிப்பேரலையை எழுப்பியது இவ்விரு தட்டுகளுக்கு இடைப்பட்ட சாய்தளமே. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குத் தொழிலுக்குப் போன நகரத்தார், தங்களை அறியாமலே இந்தச் செருகலின் மேலாகத்தான் கடலைக் கடந்திருக்கிறார்கள்.

கண்ணால் காணமுடியாத இந்தச் சாய்வை அறிவதற்கான முதன்மையான வழி கடல்சார் நில அதிர்வு அளவாய்வு. 'சீஸ்மிக்' என்பதன் வேரான 'சைஸ்மோஸ்' கிரேக்கத்தில் நடுக்கத்தைக் குறிக்கும். ஆயினும் இந்த ஆய்வு நிலநடுக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை. ஆய்வுக்கப்பல் அழுத்திய காற்றை நீருக்குள் திடீரெனத் திறந்துவிட்டுத் தானே அலையை எழுப்புகிறது. எனவே, இலக்கணப்படி இது அதிர்தல் அன்று, அதிர்த்தல். தேக்குத் தூணைத் தட்டி உள்ளே உளுத்திருக்கிறதா என்று செவிகொடுப்பது போன்ற வேலை இது. கப்பலின் பின்னே பல கிலோமீட்டர் நீளத்துக்கு இழுத்துவரப்படும் நீரொலிவாங்கித் தொடர், அடுக்குகளின் எல்லைகளில் பட்டுத் திரும்பும் அலைகளைப் பதிகிறது. கடல்தரையில் இறக்கிவைத்த அதிர்வுமானிகள் ஆழத்தில் வளைந்து நெடுந்தொலைவு ஓடிவரும் அலைகளையும் பதிகின்றன. 'ரிஃப்ராக்ஷன்' எனப்படும் இந்த வளைவை 'ஒளிவிலகல்' என்று எழுதிவிடுகிறார்கள். ஒளியே புகாத இடத்தில் அலைவிலகல் என்பதுதானே முறை? நீரில் நொடிக்கு 1.5 கிலோமீட்டராக இருக்கும் அலைவேகம், கடலடியின் பாறைப் புறஅடுக்கான மேலோட்டின் அடிப்பகுதியில் 7 கிலோமீட்டரை ஒட்டியும், அதன் கீழுள்ள பாறை அடுக்கான கவசத்தில் (மேன்டில்) 8 கிலோமீட்டரை ஒட்டியும் இருக்கும். இந்த வேக மாற்றத்தைத் தொடர்ந்தே, ஏழு கிலோமீட்டர் அளவே தடித்த கடல் மேலோடு எங்கே, எந்தச் சாய்வில் உள்நுழைகிறது என்பதையும், அதன்மேல் இருந்த வண்டல் வழித்தெடுக்கப்பட்டு அகழியோரம் எப்படி ஆப்புப்போலக் குவிந்திருக்கிறது என்பதையும் வரைகிறார்கள்.

செருகுதல் செயப்படுபொருள் வேண்டும் வினையாயிற்றே, செருகுபவர் யார் என்று கேட்கலாம். தூக்கத்தில் கண் செருகுகிறது என்கிறோமே, அங்கே யாரும் செருகுவதில்லை. ஓட்டுக் கூரை உவமைக்கும் ஓர் எல்லை உண்டு: கீழே போவது மேலோடு மட்டுமன்று, அதனுடன் ஒட்டிய மேற்கவசமும் சேர்ந்த முழுத்தட்டு. மேலும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஆழத்தில் அத்தட்டு தன் எடையாலேயே இழுபட்டு இறங்குவதால், அங்கே அமிழ்தல் என்பது தவறாகாது. கப்பல் அளவாய்வில் தெளிவாகத் தெரியும் மேற்பகுதியை மட்டும் 'செருகு மண்டலம்' என்றே எழுதிவருகிறேன்.