மாநிலக் கனி என்றால் பெருமை, புவிசார் குறியீடு என்றால் உரிமை

மாம்பழம் தேசியக் கனி. பலா தமிழ்நாட்டின் மாநிலக் கனி. கேரளமும் 2018இல் அதையே தன் கனியாக அறிவித்துக்கொண்டது. இப்படி அறிவிப்பதால் பலா பயிரிடுபவருக்குச் சட்டப்படி என்ன கிடைக்கும்? ஒன்றுமில்லை. அது அடையாளம் மட்டும்தான். ஊர்ப் பெயரைச் சொல்லிப் பழம் விற்கும் உரிமை வேண்டுமென்றால், 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் இது. நாடு முழுமைக்குமான பதிவகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.

திண்டுக்கல் மாவட்டத்தின் விருப்பாச்சி, சிறுமலை வாழைகளை எடுத்துக்கொள்வோம். முடிக்கொத்து நோயால் தோட்டம் தோட்டமாக அழிந்து, மீட்டெடுக்கப்பட்ட ரகங்கள். இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. 2019இல் குறியீடு பெற்ற பழனிப் பஞ்சாமிர்தத்தில் சேர்வதும் இந்த மலை வாழைதான். குமரி மாவட்டத்து மட்டிப் பழத்துக்கு 2023இல் கிடைத்தது. பல்லில்லாத குழந்தைக்கும் மசித்து ஊட்டுகிற பழம் அது.

குறியீட்டுக்குத் தனி ஆள் விண்ணப்பிக்க முடியாது. உற்பத்தியாளர் சங்கமோ, சட்டப்படி அமைந்த அமைப்போ கேட்க வேண்டும். பழத்தின் குணத்துக்கோ பெயருக்கோ அந்த மண்ணும் தட்பவெப்பமும்தான் காரணம் என்று காட்டி, எல்லையை வரைபடத்தோடு கொடுக்க வேண்டும். பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். அந்தப் பெயரை யாருக்கும் விற்கவோ அடகு வைக்கவோ முடியாது.

பலரும் கோட்டை விடுவது இதற்கு அடுத்த படியில். சங்கம் குறியீடு வாங்கிவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறோம். எல்லைக்குள் பயிரிடும் ஒவ்வொருவரும் 'அங்கீகரிக்கப்பட்ட பயனர்' என்று தனியே பதிந்துகொள்ள வேண்டும். பெயரைப் பிறர் தவறாகப் பயன்படுத்தினால் வழக்குத் தொடுக்கும் உரிமை அப்படிப் பதிந்தவருக்கும் உண்டு. பயனர் பதிவுக்கான விண்ணப்பக் கட்டணம் முன்பு 500 ரூபாயாக இருந்தது. 2020 விதித் திருத்தத்துக்குப் பின் வெறும் 10 ரூபாய். ஒரு டீயின் விலை!

சிறுமலைக் கன்றைச் சமவெளியில் நட்டு வளர்க்க இந்தச் சட்டம் தடை சொல்லவில்லை. அந்தக் குலையைச் 'சிறுமலை வாழை' என்று விற்பதுதான் குற்றம். பொய்யாகப் பெயர் ஒட்டி விற்றால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். ஆனால் பெட்டிக்கடையில் கண்டதும் போலீஸ் அள்ளிக்கொண்டு போக முடியாது. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரிதான் சோதனையிடலாம்; அதற்கு முன் அவர் புவிசார் குறியீட்டுப் பதிவாளரின் கருத்தையும் கேட்டாக வேண்டும். அந்தக் கடிதம் போய்த் திரும்பி வரும்வரை வாழைப்பழம் காத்திருக்குமா என்று சட்டம் யோசித்ததாகத் தெரியவில்லை.